டவுனில் சமர்த்து, ஹைவேயில் கொதிப்பு: பழைய கார் வேகத்தில் மட்டும் சூடானால் எந்த வரிசையில் தேடுவது

சிக்னலில் பத்து நிமிடம் நின்றாலும் டெம்பரேச்சர் முள் பாதியைத் தாண்டாது. செங்கல்பட்டு தாண்டி 90 கி.மீ. வேகத்தில் கொஞ்ச நேரம் போனால் மட்டும் முள் நிதானமாக மேலே ஏறும். இந்தக் குறைக்கு ஆட்கள் முதலில் மாற்றுவது ஃபேன் மோட்டார், அப்புறம் தெர்மோஸ்டாட்டை (தண்ணீர் சூடானதும் ரேடியேட்டருக்கு வழி திறக்கும் வால்வு) கழற்றி வீசுவது, அப்புறம் வாட்டர் பம்ப், கடைசியில் வண்டியையே விற்றுவிடுவது. பாதிப் பேருக்குக் குறை ஒரு மூடியிலோ ஒரு ஹோஸிலோ இருந்திருக்கும்.

மாருதி 800, ஜென், எஸ்டீம், பழைய சான்ட்ரோ மாதிரி மின்சார ஃபேன் உள்ள பெட்ரோல் வண்டிகளை மனதில் வைத்து எழுதுகிறேன். பெல்ட்டில் ஃபேன் சுற்றும் அம்பாசிடருக்கும் முக்கால்வாசி பொருந்தும். வரிசையை மாற்றாதீர்கள். முன்னால் உள்ளவை செலவில்லாதவை என்பதோடு, அவற்றைச் சரிபார்க்காமல் பின்னால் போனால் பின்னால் உள்ள சோதனைகள் பொய் சொல்லும்.

1. எப்போது சூடாகிறது என்று முதலில் எழுதிவையுங்கள்

"வண்டி சூடாகுது" என்று மட்டும் சொன்னால் எந்த மெக்கானிக்கும் ஃபேனில்தான் ஆரம்பிப்பார், அது அவர் தப்பில்லை. 60 கி.மீ.க்கு மேல் ஓடும்போது எதிர்க்காற்றே ரேடியேட்டருக்குப் போதும், ஃபேன் சுற்றினாலும் சுற்றாவிட்டாலும் பெரிய வித்தியாசம் இல்லை. அதனால் நிற்கும்போது சூடானால் ஃபேன் பக்கம் பாருங்கள். வேகத்தில் மட்டும் என்றால் ஃபேனை விட்டுவிடலாம், ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு, அது 5-ல் வருகிறது.

வேகத்தில் ஏன்? 60-லிருந்து 100-க்குப் போனால் காற்றை எதிர்த்துத் தள்ள மட்டும் தேவைப்படும் சக்தி நாலு மடங்குக்கு மேல் ஏறுகிறது. எரியும் பெட்ரோலின் சக்தியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கூலன்ட் வழியாகத்தான் வெளியேற வேண்டும். பாதி அடைத்த ரேடியேட்டர் டவுன் சூட்டைத் தாராளமாகச் சமாளிக்கும், ஹைவே சூட்டைச் சமாளிக்காது. ஆக நாம் தேடுவது "வேலை செய்யாத" பாகத்தை அல்ல, அரைகுறையாக வேலை செய்யும் பாகத்தை. கையால் தொட்டுப் பார்த்து "எல்லாம் ஓடுது சார்" என்று சொல்வது இதனால்தான் உதவாது.

குறித்துக்கொள்ள வேண்டியவை: எந்த வேகத்தில், எவ்வளவு நேரத்தில், ஏசி போட்டா போடாமலா, வேகத்தை 60-க்குக் குறைத்தால் முள் இறங்குகிறதா. கடைசிக் கேள்விக்குத்தான் மதிப்பு அதிகம். இரண்டு மூன்று நிமிடத்தில் இறங்கினால் ரேடியேட்டரோ தண்ணீர் ஓட்டமோ பற்றவில்லை. குறைத்தும் இறங்காமல், ரிசர்வ் டேங்க் வழியாகத் தண்ணீர் வெளியே தள்ளப்பட்டிருந்தால் 9-ஆம் பகுதியை மனதில் வையுங்கள். ஏற்றத்தில் சூடாவதைத் தனியாக எழுதுங்கள். சேலத்திலிருந்து தர்மபுரி போகும்போது தொப்பூர் ஏற்றத்தில் லாரிக்குப் பின்னால் ஊர்வது வேறு கதை: சூடு அதிகம், எதிர்க்காற்று குறைவு, அங்கே ஃபேனும் குற்றவாளியாகலாம்.

2. கையில் இருக்க வேண்டியவை

துப்பாக்கி மாதிரி குறிவைத்துச் சுட்டால் அந்த இடத்தின் வெப்பநிலையைக் காட்டும் இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் ஒன்று வாங்குங்கள். உடல் காய்ச்சல் பார்க்கும் வகை வேண்டாம், அது 43 டிகிரி அளவிலேயே நின்றுவிடும். அப்புறம் டிஸ்டில்டு வாட்டர், கூலன்ட், உங்கள் வண்டிக்கான புது ரேடியேட்டர் மூடி, கறுப்பு இன்சுலேஷன் டேப், கொதிக்கவைக்க ஒரு பழைய பாத்திரம், ஆக்ஸிலரேட்டர் மிதிக்க ஒரு ஆள்.

ஒரு விதி. இன்ஜின் சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்கவே கூடாது. அழுத்தத்தில் இருக்கும் 110 டிகிரித் தண்ணீர் மூடி விலகிய அந்த நொடியே ஆவியாகிப் பீறிடும், முகமும் கையும் வெந்துபோகும், துணி போட்டுப் பிடித்தாலும் அதே கதைதான். இன்ஜினிலிருந்து ரேடியேட்டருக்குப் போகும் மேல் ஹோஸை அழுத்திப் பாருங்கள். மெத்தென்று அமுங்கி, கை தாங்கும் சூட்டில் இருந்தால்தான் திறக்கலாம். சில வண்டிகளில் சாவியை எடுத்த பிறகும் ஃபேன் தானாக ஓடும் என்பதால் விரலையும் தள்ளி வையுங்கள்.

3. முள் உண்மை சொல்கிறதா

20 வருட வண்டியில் முள்ளை அப்படியே நம்ப வேண்டியதில்லை. தண்ணீர் ஒரே நொடியில் சூடாகாது, ஆகவே சட்டென்று துள்ளி மேலே போகும் முள் கரண்ட் பிரச்சினை. சென்சார் ஒயர் உரிந்து பாடியில் பட்டாலும், ஹெட்லைட் போட்டதும் முள் நகரும் அளவுக்கு மீட்டரின் எர்த் மோசமாக இருந்தாலும் இப்படி ஆகும்.

சரிபார்ப்பது எளிது. தெர்மோஸ்டாட் மூடியின் மேல் ஒரு துண்டு கறுப்பு டேப் ஒட்டி அதில் சுடுங்கள். டேப் எதற்கு என்றால், பளபளக்கும் அலுமினியத்தில் நேரடியாகச் சுட்டால் இந்தக் கருவி உண்மையை விடக் குறைவாகக் காட்டும். 95 டிகிரி இருந்தும் "65தானே காட்டுது" என்று நிம்மதியாகக் கிளம்பிப்போனவர்கள் உண்டு. ஹைவேயில் முள் ஏறியதும் ஓரம் கட்டி, இன்ஜினை அணைக்காமல் உடனே சுடுங்கள். 85, 90 என்று காட்டினால் இன்ஜினில் குறை இல்லை, ஒயரையும் சென்சாரையும் பாருங்கள். 105-ஐத் தாண்டினால் சூடு நிஜம், மேலே படியுங்கள்.

4. தண்ணீரும் மூடியும்

காலையில், வண்டி முழுக்க ஆறிய பிறகு, ரேடியேட்டர் மூடியைத் திறந்து உள்ளே பாருங்கள். ரிசர்வ் டேங்கை மட்டும் பார்ப்பது புதியவர்கள் எல்லோரும் செய்யும் தவறு. டேங்க் நிறைந்திருக்கும், ரேடியேட்டரில் ஒரு லிட்டர் குறைந்திருக்கும். காரணம் மூடி: சூட்டில் தண்ணீரை டேங்குக்குத் தள்ளும் வால்வு வேறு, ஆறும்போது திரும்ப உறிஞ்சும் வால்வு வேறு. இரண்டாவது கெட்டால் தண்ணீர் போகும், திரும்பாது. காலையில் மேல் ஹோஸ் ஒட்டிச் சப்பையாக இருந்தால் இதே வால்வு இறுகிவிட்டது என்று அர்த்தம். டேங்குக்குப் போகும் சின்ன ரப்பர் குழாயில் வெடிப்பு இருந்தாலும் தண்ணீருக்குப் பதில் காற்றைத்தான் உறிஞ்சும்.

தண்ணீரின் நிறம் செங்கல் நிறமாக இருந்தால் உள்ளே துரு. பால் கலந்த மாதிரியோ எண்ணெய்ப் படலத்தோடோ இருந்தால் நேராக 9-க்குப் போங்கள். நம் ஊரில் போர் தண்ணீர் ஊற்றியே ஓட்டிய வண்டிகளில் வெள்ளையாக உப்புப் படிந்திருக்கும். வீட்டில் ஹீட்டர் ராடில் படிவதும் இதேதான். அந்தப் படிவு சூட்டைக் கடத்தாது. கழுவாமல் அதன் மேலேயே விலை உயர்ந்த கூலன்ட் ஊற்றிப் பயனில்லை.

மூடியின் மேல் 0.9 என்றோ 1.1 என்றோ எழுதியிருக்கும், அது பார் கணக்கில் அழுத்தம். வெறும் தண்ணீர் திறந்த பாத்திரத்தில் 100 டிகிரியில் கொதிக்கும், 0.9 பார் மூடிக்குள் கிட்டத்தட்ட 119 வரை தாங்கும். பாதிக்குப் பாதி கூலன்ட் கலந்தால் இன்னும் சில டிகிரி கூடும். மூடியின் ரப்பர் கட்டியாகி அழுத்தம் நிற்கவில்லை என்றால் சிலிண்டர் ஹெட்டின் சூடான மூலைகளில் தண்ணீர் 100-ஐ ஒட்டியே குமிழ்விட ஆரம்பிக்கும், குமிழ் இருக்கும் இடத்தில் உலோகத்தின் சூட்டை எடுக்க ஆள் இல்லை. டவுனில் அந்த அளவுக்குச் சூடு போகாததால் குறை தெரியாது. இந்த வரிசையிலேயே விலை குறைந்த பாகம் இதுதான், சந்தேகம் வந்தால் சோதிக்கக்கூட வேண்டாம், மாற்றிவிடுங்கள். அதற்காக அதிக அழுத்த மூடி போட்டால் நல்லது என்று போகாதீர்கள், பழைய ரேடியேட்டரின் ஈயப் பற்று விட்டுவிடும். கூலன்ட்டையும் கலக்காமல் முழுசாக ஊற்றாதீர்கள், அது தண்ணீர் அளவுக்குச் சூட்டைச் சுமக்காது.

நிரப்பியதும் காற்றை வெளியேற்றுங்கள். வண்டியின் மூக்கு சற்று உயரும்படி நிறுத்தி, ஹீட்டர் இருந்தால் முழுச் சூட்டில் திறந்துவைத்து, ஆறிய இன்ஜினை மூடி இல்லாமல் ஓடவிடுங்கள். தெர்மோஸ்டாட் திறந்ததும் மட்டம் இறங்கும், குமிழ் நிற்கும்வரை ஊற்றி மூடுங்கள். இதைச் செய்யாமல் 6-ஆம் பகுதிக்குப் போனால் காற்று தங்கிய இடமெல்லாம் அடைப்பு மாதிரியே தெரியும்.

5. காற்று போகும் வழி

ஏசி வண்டியில் கண்டென்சர் (ஏசியின் சூட்டை வெளியே விடும் பாகம்) முன்னால், ரேடியேட்டர் பின்னால். முன்னாலிருந்து பார்த்தால் சுத்தமாகத்தான் இருக்கும், அழுக்கு இரண்டுக்கும் நடுவில் கம்பளி மாதிரி அடைத்திருக்கும். மேல் பிடிப்பு போல்ட்டைக் கழற்றி ரேடியேட்டரைக் கொஞ்சம் பின்னால் சாய்த்து டார்ச் அடித்துப் பாருங்கள். இன்ஜின் பக்கத்திலிருந்து முன்னோக்கி, சாதாரண ஹோஸ் தண்ணீரால் கழுவுங்கள். வாட்டர் சர்வீஸ் கன்னை அருகில் பிடித்தால் தகடுகள் மடங்கி வழியே அடைந்துவிடும். தகட்டை நகத்தால் லேசாகச் சுரண்டினால் பொடியாக உதிர்கிறதா? அந்த ரேடியேட்டரின் காலம் முடிந்துவிட்டது, மேற்கொண்டு சோதிக்க ஒன்றுமில்லை.

ரேடியேட்டரின் பக்கவாட்டு ஸ்பாஞ்ச், பம்பருக்குக் கீழே உள்ள பிளாஸ்டிக் தடுப்பு, இரண்டும் இருக்கின்றனவா என்று பாருங்கள். எங்கேயோ இடித்து உடைந்ததும் "இது எதுக்கு, சும்மா தொங்குது" என்று பிடுங்கிப் போட்டிருப்பார்கள். அது இல்லாவிட்டால் எதிர்க்காற்று ரேடியேட்டருக்குள் நுழையாமல் பக்கத்திலும் அடியிலும் நழுவிப் போய்விடும், அதுவும் வேகத்தில்தான் உறைக்கும். கிரில்லை மறைக்கும் ஃபாக் லாம்ப், பெரிய நம்பர் பிளேட் எல்லாம் இதே கணக்கு.

இப்போது அந்த விதிவிலக்கு. ஃபேன் மோட்டாரை மாற்றியவர் இரண்டு ஒயரையும் மாற்றிக் கொடுத்திருந்தால் ஃபேன் தலைகீழாகச் சுற்றும். நிற்கும்போது எப்படியோ கொஞ்சம் காற்று போகும், ஓடும்போது எதிர்க்காற்றோடு மல்லுக்கட்டும். ஃபேன் ஓடும்போது முன்பக்கம் ஒரு தாளை நீட்டுங்கள், உள்ளே இழுத்து ஒட்ட வேண்டும். தள்ளினால் ஒயரை மாற்றுங்கள்.

6. ரேடியேட்டரின் உள்பக்கம்

நல்ல சூட்டில் இன்ஜினை 2500 ஆர்.பி.எம்.மில் பிடித்துக்கொண்டு, ரேடியேட்டர் முகத்தை மூலைக்கு மூலை கட்டம் கட்டமாகச் சுடுங்கள். முன்னால் கண்டென்சர் மறைத்தால் ஃபேன் பக்கத்து இடைவெளியிலிருந்து சுடலாம். தண்ணீர் நுழையும் பக்கத்திலிருந்து வெளியேறும் பக்கத்துக்குச் சூடு சீராகக் குறைய வேண்டும். நடுவே திட்டாக 20 டிகிரி குறைந்த இடம் இருந்தால் அங்கே குழாய்கள் அடைத்திருக்கின்றன.

அப்புறம் மேல் ஹோஸ் கழுத்தையும் கீழ் ஹோஸ் கழுத்தையும் சுட்டு ஒப்பிடுங்கள். இன்ஜின் சூடாக இருந்தும் கீழ் ஹோஸ் மிகவும் குளிர்ந்திருந்தால் தண்ணீர் ஓட்டமே குறைவு: அடைப்பு, தெர்மோஸ்டாட், பம்ப் மூன்றில் ஒன்று. இரண்டும் ஏறக்குறைய ஒரே கொதி என்றால் தண்ணீர் ஓடுகிறது, ரேடியேட்டரால் சூட்டை வெளியே விடத்தான் முடியவில்லை, 5-ஐ மறுபடி பாருங்கள்.

செம்பு ரேடியேட்டர் என்றால் ரேடியேட்டர் கடையில் தொட்டியைப் பிரித்து ராடு விட்டுச் சுத்தம் செய்வார்கள், நல்ல கை என்றால் அது நன்றாகவே பலன் தரும். பிளாஸ்டிக் தொட்டி வைத்த அலுமினியத்தில் அது நடக்காது, புதுசுதான். வண்டியில் வைத்தபடியே ஆசிட் ஊற்றிக் கழுவுகிறேன் என்பவரிடம் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். இன்ஜின் ஹெட் அலுமினியம், ஆசிட் அதையும் சேர்த்துத் தின்னும்.

7. தெர்மோஸ்டாட்

முதல் வேலையாக இது இருக்கிறதா என்று பாருங்கள். "நம்ம ஊர் வெயிலுக்குத் தேவையில்லை" என்று கழற்றிப்போட்டிருப்பார்கள். அது வெயிலுக்கான பொருள் அல்ல, இன்ஜினைச் சரியான சூட்டில் நிறுத்துவது. அது திறக்கும்போதே பைபாஸ் வழியை மூடும்படி அமைந்த இன்ஜின்களில், கழற்றிவிட்டால் சூடான தண்ணீரில் ஒரு பகுதி ரேடியேட்டருக்குப் போகாமலேயே சுற்றும். மற்றவற்றில் டவுனில் இன்ஜின் குளிர்ந்தே ஓடி பெட்ரோல் குடிக்கும், ஹைவேயில் பழைய குறை அப்படியே இருக்கும்.

இருந்தால் கழற்றி, பாத்திரத்தில் நூலில் தொங்கவிட்டுச் சூடாக்குங்கள், அடியில் படக்கூடாது. பல மாருதிகளில் 82 டிகிரியில் திறக்க ஆரம்பித்து 95-இல் 8 மி.மீ.க்கு மேல் திறக்க வேண்டும். "திறக்குது, நல்லாத்தான் இருக்கு" என்று இங்கேதான் ஏமாறுவார்கள். எவ்வளவு திறக்கிறது என்று அளந்து பாருங்கள். 3 மி.மீ. திறப்பது டவுனுக்குப் போதும், ஹைவேக்குப் போதாது. திரும்பப் போடும்போது சின்ன ஓட்டை மேல்பக்கம் வரட்டும், காற்று அதன் வழியாகத்தான் தப்பும்.

8. கீழ் ஹோஸ், பெல்ட், பம்ப்

ரேடியேட்டரின் கீழிருந்து பம்புக்குப் போகும் ஹோஸ் உறிஞ்சும் பக்கம். ரப்பர் தளர்ந்தாலோ உள்ளே இருந்த ஸ்பிரிங் துருப்பிடித்துப் போனாலோ, இன்ஜின் வேகமெடுக்கும்போது, ஸ்ட்ராவால் உறிஞ்சிய ஜூஸ் டப்பா மாதிரி இரண்டு பக்கமும் ஒட்டிக்கொள்ளும். ஐடிலில் முழு உருண்டையாக அழகாக இருக்கும். சூடான இன்ஜினை ஒருவர் 3500-க்கு ஏற்ற, நீங்கள் டார்ச் அடித்து அந்த ஹோஸை மட்டும் பாருங்கள். எனக்குத் தெரிந்த ஒரு ஜென்னில் ஃபேன், ஃபேன் சுவிட்ச், சென்சார் எல்லாம் புதுசு, தெர்மோஸ்டாட் குப்பையில். வளைவுக்கு உள்பக்கம், பேட்டரி ஒயருக்குப் பின்னால், மிதிக்க மிதிக்க ஹோஸ் உள்ளே குழிந்து, காலை எடுத்ததும் "டப்" என்று வெளியே வந்தது. கேட்டுக்கொண்டே இருக்கலாம் போல, அவ்வளவு தெளிவாக.

பல பழைய மாருதிகளில் பம்பைச் சுற்றுவது ஆல்டர்னேட்டர் பெல்ட்தான். நடுவில் கட்டைவிரலால் பலமாக அழுத்தினால் அரை சென்டிமீட்டருக்கு மேல், ஒரு சென்டிமீட்டருக்குள் அமுங்க வேண்டும். பக்கங்கள் கண்ணாடி மாதிரி மின்னினால் வேகத்தில் வழுக்கும், மாற்றுங்கள்.

பம்பில் ஒழுகலும் சத்தமும் இல்லை என்பதால் அது நல்லது என்று ஆகாது. வெறும் தண்ணீரில் ஓடிய வண்டியில் உள்ளிருக்கும் இறக்கை துருவில் கரைந்து பாதியாகியிருக்கும், வெளியே தெரியாது. இதைக் கழற்றித்தான் பார்க்க வேண்டும், அதனால்தான் இவ்வளவு பின்னால் வைத்திருக்கிறேன். புது பம்பை மாட்டும் முன் பழையதோடு பக்கத்தில் வைத்து இறக்கையின் உயரம், எண்ணிக்கை, வளையும் திசை மூன்றையும் ஒப்பிடுங்கள். மலிவு பம்புகளில் இறக்கை குட்டையாக வருவது உண்டு.

9. சூடு அதிகமாகப் பிறக்கிறதா, கேஸ்கட் போயிற்றா

இதுவரை எல்லாம் நன்றாக இருந்தால் குளிர்விக்கும் பக்கத்தில் குறை இல்லை, இன்ஜின் தேவைக்கு மேல் சூட்டை உண்டாக்குகிறது. டிஸ்ட்ரிபியூட்டர் (பிளக்குகளுக்குக் கரண்ட் பிரித்துக் கொடுப்பது) உள்ள வண்டியில் அதன் வேக்குவம் குழாயைக் கழற்றி வாயால் உறிஞ்சுங்கள். பிடித்து நின்றால் நல்லது, காற்று சும்மா வந்துகொண்டே இருந்தால் டயாப்ரம் கிழிந்திருக்கிறது. டைமிங் லைட் அடித்து இன்ஜினை ஏற்றினால் குறி நகர வேண்டும். நகராவிட்டால் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் டைமிங்கை முன்தள்ளும் எடைகள் சிக்கியிருக்கின்றன. டைமிங், அதாவது பிளக் பொறி விடும் நேரம், பின்தங்கினால் எரிப்பு தாமதமாகி, சக்தியாக வேண்டியது சூடாக எக்ஸாஸ்ட் வாய்க்கும் தண்ணீருக்கும் போகும். வண்டி மந்தமாகவும் இருக்கும், அதுதான் துப்பு. கேஸ் கிட் மாட்டிய வண்டி என்றால் பெட்ரோலில் ஒரு முறை அதே ரோட்டில் ஓட்டிப் பாருங்கள். பெட்ரோலில் சூடாகாமல் கேஸில் மட்டும் சூடானால் கேஸ் கலவை மெலிந்திருக்கலாம், கிட்டை டியூன் செய்யுங்கள். ஹைவேயில் ஓட்டி நிறுத்தியதும் நாலு வீலையும் சுட்டுப் பாருங்கள், ஒன்று மட்டும் நெருப்பாக இருந்தால் பிரேக் பிடித்துக்கொண்டே ஓடியிருக்கிறது.

ஹெட்டுக்கும் இன்ஜின் பிளாக்குக்கும் நடுவே ஒழுகாமல் அடைக்கும் கேஸ்கட்டுக்கு வருவோம். லேசாக விட்ட கேஸ்கட் டவுனில் காட்டிக்கொடுக்காது, முழு லோடில்தான் எரிந்த வாயுவைத் தண்ணீருக்குள் தள்ளும். ஆறிய இன்ஜினை ஸ்டார்ட் செய்து ஒரு நிமிடத்திலேயே மேல் ஹோஸ் கல் மாதிரி இறுகினால், அல்லது மிதிக்கும்போது ரிசர்வ் டேங்கில் விடாமல் குமிழ் வந்தால் சந்தேகம் வலுக்கிறது. உறுதிப்படுத்த ஒரு நீலத் திரவச் சோதனை உண்டு: ரேடியேட்டர் வாயில் வைத்து உறிஞ்சினால், எரிந்த வாயு இருந்தால் நீலம் மஞ்சளாகும். ஹெட்டைக் கழற்றினால் கேஸ்கட்டை மட்டும் மாற்றி மூடிவிடாதீர்கள். லேத்தில் கொடுத்து மட்டம் பாருங்கள், மாருதி ஹெட்டுக்கு 0.05 மி.மீ. கோணலே எல்லை. கூடவே பிரஷர் டெஸ்ட் வைத்து விரிசலையும் பார்க்கச் சொல்லுங்கள்.

10. ஓட்டிப் பார்ப்பதும், வழியில் ஏறினால் செய்வதும்

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, அதே ரோட்டில், அதே வேகத்தில், முடிந்தால் அதே மதிய வெயிலில் ஓட்டுங்கள். மூன்று பாகத்தை ஒன்றாக மாற்றிக் குறை தீர்ந்தால் எது காரணம் என்று தெரியாது, ஆறு மாதத்தில் திரும்பி வந்தால் மறுபடி முதலிலிருந்து. முதலில் ஏசி இல்லாமல், அப்புறம் ஏசியோடு. அதிகாலைக் குளிரில் ஓட்டிவிட்டு "சரியாயிடுச்சு" என்று சொல்லாதீர்கள்.

சோதனையின்போது முள் முக்கால் தாண்டினால் ஏசியை அணைத்து, ஹீட்டரை முழுச் சூட்டில் திறந்து, 60-க்கு இறங்குங்கள். ஹீட்டரும் ஒரு சின்ன ரேடியேட்டர்தான். வியர்க்கும், பரவாயில்லை. முள் இறங்கினால் ஓரம் கட்டி இரண்டு நிமிடம் ஐடிலில் விட்டு அணையுங்கள். திடீரென்று அணைத்தால் தண்ணீர் ஓட்டம் நின்று ஹெட்டின் சூடு இன்னும் ஏறும். ஆவி வந்துவிட்டாலோ ஹீட்டரில் குளிர்காற்று வந்தாலோ உள்ளே தண்ணீர் இல்லை என்று அர்த்தம், அப்போது யோசிக்காமல் உடனே அணைத்துவிட வேண்டும். அரை மணி நேரத்துக்கு மேல் ஆறவிட்டு, மேல் ஹோஸ் அமுங்கிய பிறகே திறந்து, இன்ஜினை ஓடவிட்டபடி கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள். கொதிக்கும் ஹெட்டில் ஒரேயடியாகக் குளிர்ந்த தண்ணீரை ஊற்றினால் அது விரிசல் விடலாம்.

வேலை முடிந்த மறுநாள் காலை, ஆறிய வண்டியில் ஒருமுறை மூடியைத் திறந்து மட்டம் பாருங்கள். கிளிப்புகளையும் ஒரு சுற்று இறுக்குங்கள், புது ஹோஸ் முதல் சூட்டுக்குப் பிறகு கொஞ்சம் தளரும்.